விமானத்தை வெட்டினால் பாடசாலைக்குக் காசு வருமா?

கடந்த தவணையில் உயர்தர மாணவர்களுக்கு அமையச் செலவு படிப்பிக்கும்போது, பல வருடங்களாக நான் சொல்லிவரும் உதாரணத்தையே சொன்னேன். 1953 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஆற்றிய உரையில், ஒரு நவீன குண்டுவீச்சு விமானத்தின் விலைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் நகரத்துக்கு ஒரு பாடசாலை வீதம் கட்டலாம் என்று கணக்குக் காட்டியிருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தை நடத்திய ஒரு ஜெனரலே இப்படிச் சொன்னார் என்றதும் வகுப்பு எப்போதும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். இம்முறை பின்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். “சேர், அப்போ விமானத்தை நிறுத்தினா அந்தக் காசு பாடசாலைக்குத்தான் போகுமா?”

“போகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையில் விமானத் திட்டமொன்று வெட்டப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். இதற்கு மிகப் பொருத்தமானது அமெரிக்காவின் எப்-22 ரெப்டர் போர் விமானத்தின் கதை.

சோவியத் யூனியனின் விமானங்களை எதிர்கொள்வதற்காக 1980களில் ஆரம்பித்த திட்டம் அது. முதலில் 750 விமானங்கள் வாங்குவதென்று கணக்கிட்டார்கள். 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. எதிரி இல்லாமல் போனாலும் திட்டம் தொடர்ந்தது; எண்ணிக்கை மட்டும் 648, 339 என்று படிப்படியாகக் கீழிறங்கியது. 2009 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலாளர் ரொபர்ட் கேட்ஸ் 187 விமானங்களோடு நிறுத்துவோம் என்று அறிவித்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இரண்டு யுத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. அவற்றில் எப்-22 ஒரு தடவைகூட ஈடுபடுத்தப்படவில்லை என்பது அவரது பிரதான வாதங்களில் ஒன்று.

இனி விலைக்கு வருவோம். இந்த விவாதத்தில் பொதுமக்களை அதிகம் குழப்பியது இதுதான். எதிர்த்தவர்கள் ஒரு விமானத்துக்கு 350 மில்லியன் டொலர் என்றார்கள். ஆதரித்தவர்கள் ஏறத்தாழ 150 மில்லியன் என்றார்கள். யார் சொன்னது பொய்? இரண்டுமே பொய்யல்ல.

சில வருடங்களுக்கு முன்னர் எமது பாடசாலை ஆண்டு மலரை ஆயிரம் பிரதிகள் அச்சடிக்க ஒன்றரை இலட்சம் ரூபா கேட்டார்கள். கையில் காசு போதவில்லை. ஐநூறு போதும், செலவு பாதியாகிவிடும் என்று அபிவிருத்திக் குழுவில் முடிவெடுத்து அச்சகத்துக்குப் போனோம். முதலாளி சிரித்தார். தட்டச்சும் பக்க வடிவமைப்பும் பிளேட்டும் ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான், குறைவது கடதாசியும் கூலியும் மட்டும் என்று சொல்லி ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கேட்டார். 150 ரூபா மலர் 220 ரூபாவாகியது. பாதியாகக் குறைத்தும் நாற்பதாயிரம்தான் மிச்சம்.

விமானமும் அப்படித்தான். ஆராய்ச்சி, வடிவமைப்பு, பரிசோதனை, தொழிற்சாலை என்று போன பணம் திரும்பி வராது. அதையும் சேர்த்து மொத்தத்தைப் பிரித்தால் 350 மில்லியன். அதெல்லாம் போனது போகட்டும், இனி ஒன்று கட்ட எவ்வளவு என்று கேட்டால் 150 மில்லியன். எண்ணிக்கையை வெட்ட வெட்ட ஒவ்வொன்றின் விலையும் ஏறும். விலை ஏறியதைக் காட்டி இன்னும் வெட்டச் சொல்வார்கள். பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கு இதுதான் நடந்தது: 132 கட்ட நினைத்து 21இல் நின்றது, மொத்தச் செலவைப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டு பில்லியன் டொலருக்கும் மேல். எனவே ஒரு விமானம் இத்தனை மில்லியன் என்று யாராவது எழுதினால், அதில் எந்தச் செலவு சேர்ந்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். வெட்டினால் மிச்சமாவது சிறிய தொகைதான், பெரிய தொகை அல்ல.

இந்தச் சிறிய தொகைக்கும் பெரிய சண்டை நடந்தது. மேலும் ஏழு விமானங்களுக்கு 1.75 பில்லியன் டொலரைச் சில உறுப்பினர்கள் சட்டமூலத்துக்குள் சேர்த்தார்கள். அது உள்ளே இருந்தால் சட்டமூலத்தையே நிராகரிப்பேன் என்றார் ஜனாதிபதி ஒபாமா. உதிரிப்பாகங்கள் 44 மாநிலங்களில் தயாராகின என்றும் 95,000 தொழில்கள் இதில் தங்கியிருப்பதாகவும் லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் சொன்னது. இத்தனை மாநிலங்களில் வேலை பரவியிருந்தால் எந்த செனட்டர் துணிந்து கையை உயர்த்துவார்? விமானம் பொருத்தப்பட்ட ஜோர்ஜியாவின் குடியரசுக் கட்சி செனட்டரும், இயந்திரம் தயாரான கனெக்டிகட்டின் ஜனநாயகக் கட்சி செனட்டரும் ஒரே பக்கம் நின்றார்கள். வெட்டை ஆதரித்து நின்றவர்களும் இரு கட்சியினர்தான்: கார்ல் லெவின், ஜோன் மெக்கெய்ன். 2009 ஜூலை 21இல் 58க்கு 40 என்ற வாக்கில் அந்தப் பணம் நீக்கப்பட்டது. கட்சியை விட ஊர்த் தொழிற்சாலை பெரிதாகத் தெரிந்த நாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெட்டை எதிர்த்தவர்களின் ஒரு வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். தொழிற்சாலையை மூடினால் பிறகு திறப்பது இலகுவல்ல என்றார்கள். கடைசி விமானம் 2012இல் கையளிக்கப்பட்டது. எப்-22 முதன்முதலாகத் தாக்குதலில் ஈடுபட்டது 2014 செப்டெம்பரில், சிரியாவில். பின்னர் உற்பத்தியை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று காங்கிரஸ் கேட்டபோது, 194 விமானங்களுக்கு ஏறத்தாழ 50 பில்லியன் டொலர் ஆகும், அதில் பத்து பில்லியன் அளவு தொடக்க வேலைக்கே போய்விடும் என்று விமானப்படை 2017இல் பதில் சொன்னது. அத்தோடு அந்த யோசனை கைவிடப்பட்டது.

சரி, மிச்சப்படுத்திய காசு எங்கே போனது? அதே 2009இல் கேட்ஸ் இன்னொரு விமானத்துக்கான கொள்வனவைக் கூட்டச் சொன்னார்: எப்-35. அதைத் தயாரிப்பதும் லொக்ஹீட் மார்ட்டின்தான். எப்-22 விலை கூடியது, இது மலிவானது என்று சொல்லித் தொடங்கிய எப்-35இன் ஆயுட்காலச் செலவு இரண்டு ட்ரில்லியன் டொலரைத் தாண்டும் என்று அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் 2024இல் மதிப்பிட்டது. எப்-22ஐ வெட்டிய அந்த வரவு செலவுத் திட்டத்திலேயே, யுத்தச் செலவு நீங்கலான பாதுகாப்பு ஒதுக்கீடு 513 பில்லியனிலிருந்து 534 பில்லியனாக உயர்த்திக் கேட்கப்பட்டது. திட்டம் வெட்டப்பட்டது, செலவு கூடியது. பாடசாலைகளின் பணமோ அங்கே வேறு பெட்டியிலிருந்து வருகிறது. அவற்றின் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். மிகுதியை மாநிலங்களும் உள்ளூர் வரிகளும் கொடுக்கின்றன. பாதுகாப்பு அமைச்சு மிச்சம் பிடிக்கும் டொலர் தானாக நடந்து வகுப்பறைக்கு வராது. யாராவது தனியாக வாக்களித்து அதை அங்கே அனுப்ப வேண்டும். 2009இல் அப்படியொரு வாக்கெடுப்பு செனட்டின் முன் இருக்கவில்லை.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவியிடம், அன்று நான் சொன்ன பதில் பிழை என்றேன். அவள் விடவில்லை. “அப்போ ஐசன்ஹோவர் சொன்னது பிழையா சேர்?”

பிழையில்லை, அவர் சொன்னது எதை இழக்கிறோம் என்பதை. காசு எங்கே போகும் என்பதையல்ல என்றேன். பி-52 குண்டுவீச்சு விமானங்கள் மொத்தம் 744 கட்டப்பட்டன, அவற்றில் பெரும்பகுதி அந்த உரைக்குப் பின்னர், அவருடைய எட்டு வருட ஆட்சியிலேயே கட்டப்பட்டது என்பதையும் சொன்னேன். அவள் 744ஐ முப்பதால் பெருக்கத் தொடங்கியிருந்தாள்.