காதடைப்பும் ஒவ்வாமையும்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்னும் ஊர் இருக்கிறது. இப்பகுதி 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்குமிடம். பனையைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூரைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் மேல்காற்று இங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றுவதோடு வெறுங்காட்டின் புழுதியையும் வாரிக்கொண்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னர்க் களைச் செடிகள் பூக்கின்றன. தை, மாசியில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் களத்துக்கு வரும்போது தூசி பறக்கிறது. இக்காலங்களில் அடுக்குத் தும்மலும் மூக்கில் நீர் வடிதலும் சிலருக்குத் தவறாமல் வருவதை யாவரும் கண்டிருப்பர். அவர்களுள் சிலர், நாலைந்து நாள் கழித்து, “காதும் அடைத்துக்கொண்டது” என்பார்கள். தம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். எச்சில் விழுங்கினால் காதுக்குள் ‘பட்’ என ஓர் ஓசை எழும்.

காது அடைத்தது என்றவுடன் காதில் எதையேனும் ஊற்றுவது நம் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் மேலே சொன்ன அடைப்புக்குக் காரணம் காதின் துவாரத்தில் இல்லை. மூக்கின் பின்புறத்தில் இருக்கிறது. இதனை விளங்கிக்கொண்டால் வீண் தொல்லைகள் பல குறையும்.

ஒவ்வாமை என்பது, பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைப் பகையாகக் கருதி உடல் போர் தொடுக்கும் நிலையாகும். வியன்னா நகரத்து மருத்துவரான பிர்க்கே என்பவர் 1906இல் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை இதற்கென அமைத்தார். பூந்தூளோ, வீட்டுத் தூசியிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் கழிவோ, ஈர வைக்கோலில் படரும் பூஞ்சையோ மூக்கில் படிந்தவுடன், ஒவ்வாமை உள்ளவரின் உடலில் ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருள் வெளிப்படுகிறது. அதனால் மூக்கின் உட்சவ்வு வீங்கி நீர் சுரக்கிறது. மிளகாய் வற்றலைக் கிளறும்போது வீட்டார் அனைவரும் தும்முவது இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது வெறும் எரிச்சல்.

இனி, மூக்குக்கும் காதுக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். செவிப்பறைக்கு உட்புறத்தில் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு, அது நடுச்செவி. அங்கிருந்து மூக்கின் பின்புறம் வரை, வளர்ந்தவர்க்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழல் ஒன்று செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான யூஸ்டாக்கி இதனை விரிவாக வருணித்தமையால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. எப்போதும் மூடியிருக்கும் இக்குழல், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறந்து, உள்ளறைக்குப் புதுக் காற்றை விடுகிறது. மூக்கின் சவ்வு வீங்கும்போது இக்குழலின் வாயும் வீங்கி அடைபடுகிறது. உள்ளே தங்கிய காற்றை அறையின் சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ள, செவிப்பறை உட்புறமாக இழுபடுகிறது. அடைப்பு நீடித்தால் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்கிறது. மடை அடைத்தால் வாய்க்கால் கெடுவது போன்ற செய்திதான் இது. மடை இருக்குமிடம் மூக்கு.

பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளுக்கே இதனால் இழப்பு மிகுதி. அவர்களுடைய குழல் குட்டையானது. சாய்வின்றிப் படுக்கைவாட்டில் அமைந்தது. ஆகையால் எளிதில் அடைபடும். நடுச்செவியில் கோத்த நீர் நாளடைவில் பசை போலாகிவிடுவதும் உண்டு. இதில் வலி பெரும்பாலும் இராது, சீழ் வடியாது, காய்ச்சலும் இராது. எனவே பெற்றோர் அறிவதில்லை. குழந்தை முழுச் செவிடாகவும் ஆவதில்லை. மெல்லிய ஒலிகள் மட்டும் தப்பிப்போகும். கடைசி வரிசையில் அமர்ந்த சிறுவனுக்கு ஆசிரியர் பேசுவது கேட்கும். ஆனால் ‘பல்’ என்றாரா, ‘பால்’ என்றாரா என்பது தெளிவாகாது. அவன் திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்பான், பிறகு கேட்பதையே விட்டுவிடுவான். மந்தமானவன், சொற்பேச்சுக் கேளாதவன் என்னும் பெயர் அவனுக்கு வந்து சேரும். கேட்காத பிள்ளையைக் கவனியாத பிள்ளை என்று தண்டிப்பதைப் போன்ற அநியாயம் பள்ளிக்கூடத்தில் வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

இத்தகைய குழந்தையைக் கண்டுகொள்ளச் சில குறிகள் உண்டு. வாயைத் திறந்தபடியே உறங்குவான். உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பதால் மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருக்கும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைப்பான். காதில் நீர் கோப்பது எல்லாம் ஒவ்வாமையால் என்று சொல்வதற்கில்லை. சாதாரண சளியும், மூக்கின் பின்னுள்ள அடினாய்டு தசையின் வீக்கமும், வீட்டுக்குள் பீடி, சுருட்டுப் புகையும்கூட இதற்கு ஏதுவாகின்றன. எது காரணம் என்பதை மருத்துவர்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெளிச்செவியிலும் ஒவ்வாமை உண்டு. கவரிங் தோட்டிலுள்ள நிக்கல் என்னும் உலோகம், தலைச் சாயம், சில சொட்டு மருந்துகள் ஆகியவை காது மடலிலும் துவாரத்திலும் அரிப்பை உண்டாக்கும். அரிப்புக்கு ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு என்று கையில் கிடைத்ததைச் செலுத்தினால் தோல் கிழிந்து புண்ணாகிப் பூஞ்சையும் பற்றும். காய்ச்சிய எண்ணெய், பச்சிலைச் சாறு, தாய்ப்பால் இவற்றைக் காதில் விடுவதும் கூடாது. நடுச்செவி அடைப்புக்கு இவற்றால் பயனில்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்குமாயின் பெருந்தீங்கே நேரும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? தூசியை மூக்கில் புகவிடாமல் தடுப்பதே முதல் வேலை. கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்போர் காற்று வரும் திசையில் நின்று, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்வது நலம். துண்டைக் கட்டினால் ஓரளவே பயன் கிட்டும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிய பின்னரே பாயில் படுக்க வேண்டும். தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்தால் தூசி உண்ணிகள் குறையும். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதிலும் ஈரத்துணியால் துடைப்பது மேலானது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் செலவில்லாத நல்ல முறை. கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி அளவுக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே கொள்ள வேண்டும். குளத்து நீரும் குழாய் நீரும் அப்படியே மூக்கில் ஏறலாகாது. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் உயிர்கள் மாண்டன. அக்கிருமி நன்னீரில் வாழ்வது. மூக்கின் வழியாகவே மூளையை அடைவது.

மருந்துகளைப் பற்றியும் சில சொற்கள். ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரைகள் தும்மலையும் நீர்வடிதலையும் அடக்கும். அவற்றுள் பழைய வகை, தூக்கத்தை வரவழைப்பது. அதை விழுங்கிவிட்டு டிராக்டர் ஓட்டுவதோ பனை ஏறுவதோ உயிருக்கே உலையாகும். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் பல நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தினால்தான் முழுப் பயன் தரும். இரண்டு நாளில் குணமில்லை என்று எறிந்துவிடுவது தவறு. மாறாக, அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விடலாகாது. விட்டால் அடைப்பு முன்னிலும் மிகும். இம்மருந்துகள் மூக்கின் ஒவ்வாமையைத் தணிக்குமேயன்றி, காதில் ஏற்கெனவே கோத்த நீரை உடனே வற்றச் செய்யமாட்டா. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்நீர் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். அதற்கு மேலும் நின்று செவிப்புலனைக் குறைத்தால், செவிப்பறையில் நுண்ணிய குழல் ஒன்றைப் பொருத்தும் சிறு அறுவை தேவைப்படலாம். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

தனி மனிதரால் ஆகாத காரியங்கள் சில உண்டு. அவை ஊராட்சிக்கு உரியவை. 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம், இன்று நம் சாலையோரமெங்கும் வெண்பூப் பூத்து நிற்கிறது. இதன் பூந்தூள் மூக்குக்கும், செடி தோலுக்கும் ஒவ்வாமை தருவது. மழைக்குப் பின் மண் ஈரமாயிருக்கையில், பூக்கும் முன்பே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்கினால் விதை பரவிவிடும். ஏற்கெனவே தோல் அரிப்பு உள்ளவரை இவ்வேலைக்கு அனுப்பக் கூடாது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் காற்று வரும் பக்கத்தில் கதிரடிப்பதையும் குப்பை எரிப்பதையும் நிறுத்தக் கிராம சபையில் தீர்மானம் செய்யலாம்; இதற்குப் பணம் வேண்டியதில்லை.

சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகின்றன. கேள்விக் குறையும் அவர்கள் ஆராயும் குறைகளுள் ஒன்று. வார்டு உறுப்பினர்கள் அவர்கள் வரும் நாளை முன்கூட்டி அறிந்து, ஐயமுள்ள குழந்தைகள் அன்று பள்ளியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பேருதவியாகும். சிகிச்சை முடியும்வரை அக்குழந்தையை முன்வரிசையில் அமர்த்தும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதும் நன்று.

ஒவ்வாமை என்று எண்ணி வாளாவிருக்கக் கூடாத நிலைகளும் உள. காய்ச்சலுடன் கடும் காதுவலி, சீழ் வடிதல், காதின் பின்புறம் வீக்கம், தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் மூக்கின் பின்புறத்தைக் கருவி கொண்டு பார்ப்பது அவசியம். அங்குள்ள கட்டியும் குழலை அடைக்கக்கூடும். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது திடீரெனக் கேளாமற் போனால், வலி இல்லாவிடினும், அன்றே மருத்துவரைக் காண வேண்டும். நரம்பைப் பற்றிய அக்குறைக்குச் சில நாட்களுக்குள் தொடங்கும் சிகிச்சையே பலனளிக்க வாய்ப்புண்டு.