குசினிக் கணக்கு – 7: காணுமட்டும்

அம்மம்மாவின் சமையல் கொப்பியில் பனங்காய்ப் பணியாரத்துக்கு ஐந்தே வரி. களி, அவித்த மா, சீனி, உப்பு, எண்ணெய். ஐந்துக்கும் நேரே எழுதியிருக்கும் அளவு ஒன்றுதான்: ‘காணுமட்டும்.’

அவருக்கு அது காணும். எனக்குக் காணவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை அவிழ்க்க எனக்கு இரண்டு பனம்பழக் காலம் பிடித்தது.

போன வாரம் பட்டரும் யாழ்ப்பாண வெயிலும் படுகிற பாட்டைச் சொல்லியிருந்தேன். ‘அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்’ என்று வெளிநாட்டுக் குறிப்புகள் எழுதும்போது அவர்கள் நினைப்பது 20 பாகை. எங்கள் குசினியில் மத்தியானம் 32. அந்தச் சூட்டில் பட்டர் சீனியோடு சேர்ந்து காற்றைப் பிடித்து வைக்காது, எண்ணெயாய் ஓடும். அதனால்தான் விடியப்புறம் ஐந்து மணிக்குக் கேக் அடிக்கச் சொன்னேன். இந்த வாரம் பட்டரும் இல்லை, முட்டையும் இல்லை.

பனம்பழம் விழத் தொடங்குவதும் நல்லூரில் கொடி ஏறுவதும் ஏறத்தாழ ஒரே காலம். ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடி ஏறினால் 25 நாளுக்குப் பல வீடுகளில் மச்சம் கிடையாது. முட்டை போட்ட கேக்கும் மச்சக் கணக்கில்தான் சேரும். கொடியேறி இரண்டாம் நாள் மாமி வேலிக்கு மேலால் கேட்டார்:

“பிள்ளை, கொழும்பிலையிருந்து பேரப்பிள்ளையள் வருகுதுகள். முட்டை இல்லாமல் ஒரு கேக் செய்து தாவன்.”

முட்டை கேக்கில் இரண்டு வேலை செய்கிறது: மாவைப் பிணைக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த வேலைக்குக் கொழுகொழுவென்ற பழக்களி உதவும். ஆறவிட்ட பனங்களி கூழ்போல இறுகுவது அதிலுள்ள பெக்டினால். மற்ற ஊர்களில் முட்டைக்குப் பதில் வாழைப்பழமோ அப்பிளோ மசித்துப் போடுகிறார்கள். எங்கள் வளவில் காலையில் எழுந்தால் பனம்பழம் பொறுக்கலாம்.

பழத்தை நெருப்பில் வாட்டி, தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் தும்பிலிருந்து களி இறங்கும். துணியில் வடித்தபோது கரட் நிறம். நிறம் தருவதும் கரட்டில் இருக்கிற கரோட்டினாய்டு வகைதான். மூன்று பழத்துக் களியைப் பாதியாக வற்றக் காய்ச்சி, மாவில் கலந்து வெதுப்பினேன். அழகாக எழும்பியது. மாமி ஒரு துண்டை வாயில் வைத்தார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது.

“மணம் நல்லாயிருக்கு. ஆனால் கைக்குது, பிள்ளை.”

காய்ச்சினால் கைப்பு ஓடிவிடும் என்று நம்பியிருந்தேன். ஓடியது தண்ணீர்தான். கைப்பு செறிந்து நின்றது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ.ஆர். ஜான்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் பனங்களியை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். கைப்புக்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற சபோனின் குடும்பம். பனையின் அறிவியற் பெயரான பொராஸஸ் ஃபிளாபெலிஃபர் என்பதிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் குடும்பத்தில் ஃபிளாபெலிஃபெரின் – 2 என்பதுதான் முக்கியமான கைப்புக்காரன். நரிஞ்சினேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் அந்த மூலக்கூற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டுகள் கழன்று கைப்புக் குறையும். வெளிநாடுகளில் கிரேப்புரூட் சாற்றின் கைப்பைக் குறைக்கவும் இதே நொதிதான்.

என் குசினியில் நொதி இல்லை. ஆனால் அம்மம்மாவிடம் வேறொரு வழி இருந்தது. கிணற்றடிப் பனையின் பழத்தைத்தான் பணியாரத்துக்கு எடுப்பார். வேலியோரப் பனையின் பழம் எத்தனை விழுந்தாலும் மாட்டுக்குத்தான். மரத்துக்கு மரம் கைப்பு வேறுபடும் என்பது அவருக்கு நாக்கால் தெரிந்திருந்தது. ‘காணுமட்டும்’ என்று எழுதிய கை, எந்த மரம் என்று எழுதவில்லை. நான் பொறுக்கிய மூன்று பழமும் வேலியோரத்தவை.

இப்போது என் முறை இதுதான். களியைப் பழத்துக்குப் பழம் தனித்தனிக் கோப்பையில் வடிக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்து இருபது எண்ணுகிறேன். கைப்பு பிந்தித்தான் வரும், உடனே விழுங்கிவிட்டால் ஏமாந்துபோவீர்கள். தேறிய களி மட்டும் அடுப்புக்குப் போகும்.

அடுத்த தோல்வி பணிஸ். தேறிய களியையே ஈஸ்ட் மாவில் கலந்து மூடி வைத்தேன். ஒரு மணித்தியாலம், இரண்டு, மூன்று. மா வைத்தபடியே கிடந்தது. ஈஸ்ட் பழசு என்று புதுப் பக்கெட் உடைத்தேன். அதுவும் சோம்பிக் கிடந்தது. பிறகுதான் படித்தேன்: ஃபிளாபெலிஃபெரின்களில் சில ஈஸ்ட்டையே ஒடுக்கக்கூடியவை. பனங்களியை எங்கள் ஆட்கள் புளிக்க வைக்காமல் எண்ணெயில் பொரித்ததும், பாயில் பூசிப் பனாட்டாகக் காயவிட்டதும் எனக்கு அன்றைக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

மூன்றாவது பாடம் பனங்கட்டியில். ஓலைக் குட்டானை உடைத்து உள்ளிருக்கும் கட்டியை அப்படியே சீவிப் போடுவது எளிது. தூசும் ஓலைத் துணுக்கும் கேக்குக்குள் போகும் என்பதால் கரைத்து வடித்துத்தான் போட வேண்டும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் அப்பச்சோடா. பிரவுண் சீனி, மொலாசிஸ் போட்ட வெளிநாட்டுக் குறிப்புகளில் சோடா சேர்ப்பது, அந்தச் சீனியிலுள்ள இலேசான புளிப்பை நம்பித்தான். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால்தான் வாயு வரும், கேக் எழும்பும். பனங்கட்டியின் கதை வேறு. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்குகிறார்கள். சுண்ணாம்பு காரம். அப்படி வந்த கட்டியில் புளிப்பை நம்பிச் சோடா போட்டால், வாயு வராமல் சோடா அப்படியே மிஞ்சி, கேக்கில் சவர்க்கார வாடை அடிக்கும். எனக்கு அடித்தது. ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி பிழிந்துவிட்டேன், வாடை போனது. பேக்கிங் பவுடர் என்றால் அதற்குள்ளேயே புளிப்பும் இருக்கிறது, இன்னும் நல்லது.

மாவிலும் ஒரு பரீட்சை. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கோதுமை மாவை நீராவியில் அவித்து அரிப்பது எங்கள் ஊர் வழக்கம். அவித்தால் மாவிலுள்ள புரதம் முறுகிவிடும். பிறகு தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் இழுபடாது. கேக்குக்கும் இழுபடாத மாதானே நல்லது என்று முழுக்க அவித்த மாவில் ஒரு தட்டுச் செய்தேன். கத்தி வைத்ததும் மணல்போல உதிர்ந்தது. முட்டையும் இல்லை, மாவுக்கும் பிடிப்பு இல்லை என்றால் கேக் எதைப் பிடித்து நிற்கும்? ஐந்தில் ஒரு பங்கு அவித்த மா, மிச்சம் பச்சை மா என்று வந்தபோதுதான் துண்டு துண்டாக வெட்ட முடிந்தது.

இனி நெருப்பு. போத்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619 இல், ஒல்லாந்தரிடம் இழந்தது 1658 இல். நாற்பது வருடத்துக்குள் எங்கள் அடுப்படியில் எத்தனை சொற்களை விட்டுவிட்டுப் போனார்கள்! குசினி அவர்களுடையது. பாண், தாச்சி, பாண் வேகும் போறணை எல்லாம் அப்படித்தான். ஆனால் போறணை கடைக்காரர் சொத்து. வீட்டில் கேக் வெதுப்பியவர்களுக்குச் சருவம்தான் போறணை.

1990 இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமன். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நாளிலும் பிறந்தநாள் வந்தது, கலியாணம் வந்தது. பெரிய சருவத்தின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் கொட்டுவார்கள். கீழே விறகை இழுத்து நெருப்பைக் குறைப்பார்கள். கேக்குக்கு மேல்நெருப்புத்தான் முக்கியம், கீழ்நெருப்புக் கூடினால் அடி கருகி நடு பச்சையாக இருக்கும். மணல் சூட்டைச் சட்டென்று ஏற்றாமல் பரவலாகப் பிடித்து வைக்கும். தணல் சாம்பல் பூத்ததும் ஊதிவிட வேண்டும். எத்தனை தரம்? காணுமட்டும்.

2022 இல் ஒருநாள் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்டது. என் அவனுக்குள் கேக் பாதி வேகும்போது கரண்ட் போனது. காஸ் சிலிண்டரும் வெறுமை. அம்மா பேசாமல் பின்வளவுக்குப் போய்ச் சிரட்டை பொறுக்கினார். எழும்பிய கேக் நடுவில் குழிந்துவிட்டது என்பது உண்மை. ஆனாலும் வெந்தது. தின்றோம்.

கரண்ட் இருக்கிற நாளில் அவனையும் முழுதாக நம்பாதீர்கள். சீனி 186 பாகையளவில் உருகும். ஒரு தேக்கரண்டி சீனியை வெள்ளீயத் தாளில் வைத்து, குமிழை 175 இல் திருப்பி ஒரு கால் மணித்தியாலம் விடுங்கள். உருகினால் உங்கள் அவன் சொல்வதைவிடக் கூடச் சுடுகிறது. 195 இல் வைத்தும் உருகவில்லை என்றால் குறையச் சுடுகிறது. என்னுடையது 170 இலேயே சீனியை உருக்கியது. அத்தனை நாளும் அடி கருகியதற்குக் குற்றம் என் கையில் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பதாவது தட்டு சரிவந்தது. அதன் கணக்கு இது: பச்சைக் கோதுமை மா 200 கிராம், அவித்த மா 50, கரைத்து வடிக்கப் பனங்கட்டி 150, வற்றிய களி 180, மாஜரீன் 100, கட்டித் தேங்காய்ப்பால் 80 மில்லிலீற்றர், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, தேசிக்காய்ப்புளி ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. ஏழு அங்குலத் தட்டில், உண்மையான 170 பாகையில் 45 நிமிடம். மாமியின் பேரப்பிள்ளைகள் ஓரத்துத் துண்டுக்கு அடிபட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மம்மாவின் கொப்பியை மறுபடி எடுத்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘மா 3 சுண்டு’. எந்தச் சுண்டு? எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. ரின்பால் பேணியில் வெட்டியது ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, விளிம்பு நசுங்கிய பித்தளையில் ஒன்று. மூன்றிலும் மா நிறுத்தேன், மூன்றும் மூன்று நிறை. கேக் குறிப்புகளில் வரும் ‘றாத்தல்’ 454 கிராம். இப்போது பலர் அதை அரைக் கிலோ என்று எண்ணிப் போடுகிறார்கள். முட்டையின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில்லை. கேக் வறண்டுவிட்டது என்று பிறகு குறைப்படுகிறார்கள்.

பனைக்கென்று 1978 இல் தொடங்கிய அபிவிருத்திச் சபை இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. களியின் வேதியியல் ஆய்வேடுகளில் பதிந்திருக்கிறது. கிணற்றடிப் பனையின் பழம்தான் பணியாரத்துக்கு என்பது மட்டும் எங்கும் பதியப்படவில்லை. அதை அறிந்திருந்தவர் போய்விட்டார்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ இன்னும் ‘காணுமட்டும்’ போட்டுச் சமைக்கிறார் என்றால், இந்தக் கிழமை ஒரு தராசை அவர் பக்கத்தில் வையுங்கள். அவர் கை அள்ளுவதற்கு முன்பும் பின்பும் பேணியை நிறுத்து எழுதுங்கள். எந்த மரத்துப் பழம் என்றும் கேட்டு எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: ஒடியல் மாவில் பிஸ்கட்)