சாயக்காரர் கண்ணும் பச்சை ஒளியும்

ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருப்பவர், பட்டு நூல் கழியைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இன்னும் ஒரு முக்கு வேண்டுமா, போதுமா என்று கண்ணே சொல்லிவிடும். தண்ணீரில் குரோமியம் தேடும் சோதனையும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஏன் குரோமியம்? ஆரணிக்கு வடக்கே, நாற்பது கிலோமீட்டருக்குள் ராணிப்பேட்டை. அங்கே 1995-இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் வகை. அளவு மிகுந்தால் தண்ணீரே மஞ்சளாகும். குறைந்த அளவில் நிறமும் தெரியாது, வாடையும் வராது. பயமே அங்கேதான்.

ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டு, டைஃபீனைல் கார்பசைடு கரைசலைச் சேர்க்கிறார்கள். நஞ்சு இருந்தால் சில நிமிடங்களில் அரக்குப் பட்டின் சாயல் கொண்ட செவ்வூதா நிறம் எழும். அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி நிறமாலைமானியில் வைத்து, 540 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பாய்ச்சுவார்கள். நிறம் அடர அடர மறுபுறம் வரும் ஒளி குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) அனுமதிக்கும் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதாவது 20,000 லிட்டருக்கு ஒரு கிராம்! எந்தச் சாயக்காரர் கண்ணுக்கும் எட்டாத அளவு.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஊராட்சிகளில் கொடுத்திருக்கும் வழக்கமான சோதனைப் பெட்டி கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றைத்தான் பார்க்கும். பட்டுக்கு ஏற்றும் சில உலோகச் சாயங்களில் இருப்பதோ மூன்று இணைதிறன் குரோமியம். அதற்குச் செவ்வூதா நிறம் வராது. அணு உறிஞ்சல் நிறமாலைமானி வேண்டும். ஆகவே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போகிறவர்கள், “மொத்தக் குரோமியமும் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்க இரண்டு புட்டிகள் தேவை. குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்கலாம். மொத்தக் குரோமியத்துக்கான புட்டியில் உலோகம் சுவரில் ஒட்டாதிருக்க ஆய்வகமே நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டுத் தரும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான மற்றதில் அந்த அமிலம் கூடாது. அந்தப் புட்டியைப் பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.