புது ஊரு... புதுத் தண்ணி... ஒத்துக்கலையா?

லாரியிலிருந்து கடைசி பீரோவையும் இறக்கியாச்சு. பால் காய்ச்சியாச்சு. கணவர் புது ஆபீஸுக்கும், பிள்ளைகள் புது ஸ்கூலுக்கும் கிளம்பிப் போயாச்சு. பதினோரு மணி வெயிலில், பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தனியாக உட்காரும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. 'இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?'

பேங்க் வேலை, டீச்சர் வேலை, அரசாங்க உத்தியோகம் என்று ஏதோ ஒரு மாற்றல் ஆர்டரோடு விருதுநகர், சிவகாசிப் பக்கம் வந்து இறங்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்த காட்சிதான். அதிலும் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, மாமியாருக்குத் தலைசுற்றல், குடும்பத் தலைவிக்குத் தூக்கமே இல்லை. 'இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலை' என்று பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிடுகிறோம்.

உண்மையில் ஒத்துக்கொள்ளாதது தண்ணீர் மட்டும்தானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போமே!

உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும்

இது கரிசல் சீமை. 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இங்கே பிரித்துத்தான் பேசுவார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி முரடாகும். ஆனால் கடினத் தண்ணீர் என்பதாலேயே அது நோயைத் தந்துவிடாது. வயிற்றைக் கெடுப்பது கிருமிதான். குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்.

கொதிக்க வைத்தால் போகாத ஒன்றும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் இருக்கும் குழந்தைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை விழும். பின்னால் எத்தனை பேஸ்ட் மாற்றினாலும் அது போகாது. வீட்டு போர் தண்ணீரைக் குடிக்கப் போகிறீர்களா? முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதித்து விடுங்கள்.

இன்னொரு விஷயம். குழாயில் எல்லாத் தெருவிலும் தினமும் தண்ணீர் வராது. அதனால் டிரம், குடம் என்று பிடித்து வைப்பீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இந்தச் சுத்தமான தண்ணீரில்தான்! முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே டிரம்மை இறுக்கி மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து, உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வெயிலுக்குப் பதினாலு நாள்

புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். இங்கே காற்று வறண்டது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். 'எனக்குத்தான் வேர்க்கவே இல்லையே' என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலியும் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரிசையாக வரும். பெட்டி பிரிக்கும் வேலை, பரண் துடைக்கும் வேலையெல்லாம் காலையிலோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள். மோர், நீராகாரம், இளநீர் தாராளமாகச் சாப்பிடலாம். (சிறுநீரகக் கோளாறு, இருதயக் கோளாறு இருப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.)

ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குத் தலைசுற்றினால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். வெயிலில் போய்வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது அவசரம். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்து, ராத்திரி பாத்ரூம் போகும் வழி! பழைய வீட்டு ஞாபகத்தில் திரும்பி, சுவரில் முட்டி விழுந்துவிடுவார்கள். முதல் நாளே அந்த வழியில் ஒரு சின்ன விளக்கைப் போட்டு வையுங்கள்.

பட்டாசு ஊர் என்கிற பயம்

'சிவகாசிக்கா போறீங்க? ஜாக்கிரதை!' என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள். ஆலைகளில் விபத்து நடப்பது உண்மைதான். வேனில் ஏறிப் போகும் தொழிலாளியின் வீட்டில் தினமும் இருக்கிற கவலை அது. ஆனால் ஊருக்குள் குடியிருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது பயத்தை அல்ல, இரண்டு பாடங்களை.

ஒன்று, வெடிச் சத்தமும் புகையும் வந்தால் வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்கள் பலர் அதில் அடக்கம்.

இரண்டு, தீக்காயம் பட்டால் குழாயடியில் இருபது நிமிஷம் தண்ணீர் ஓட விடுங்கள். இங்க், டூத் பேஸ்ட், நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். வீக்கம் வருவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது அடுப்படிச் சூட்டுக்கும் பொருந்தும். அப்புறம், விலை மலிவு என்று பெட்டி பெட்டியாகப் பட்டாசு வாங்கி வீட்டில் அடுக்காதீர்கள்.

வந்தவர்கள் கட்டிய ஊர்

சரி, தூக்கமில்லாத அந்தக் குடும்பத் தலைவிக்கு வருவோம். அவருக்குக் கிருமியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பழைய தெருவில் காலையில் கோலம் போடும்போதே நாலு பேரிடம் பேசியவர், இங்கே பூக்காரம்மாவோடு மட்டும் பேசுகிறார். கணவருக்கு ஆபீஸ் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கிறது. அவருக்கு?

ஒரு ஆறுதல் சொல்லட்டுமா? இந்த ஊர்களை வளர்த்ததே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 19-ம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வந்த நாடார் வணிகர்கள் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டையில் பேட்டை அமைத்துத் தங்கினார்கள். தனித்தனியாக நிற்காமல் உறவின்முறை என்று கூடினார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி போட்டு வளர்த்ததுதான் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை. காமராஜர் படித்த பள்ளி அது. பிறகு 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். வேற்று ஊரில் நிற்கிற தவிப்பு இந்த மண்ணுக்குப் புதிதில்லை!

கொடுத்தும் வாங்கியும்தான் ஊர் ஒட்டும். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் யார், நல்ல கீரை எங்கே கிடைக்கும், பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலுக்கு எப்போது போகலாம் என்று கேளுங்கள். பதிலுக்கு உங்கள் ஊர்ப் பலகாரம் ஒரு கிண்ணம் போகட்டும். சாயங்காலம் அரை மணி நேரம் தெருவில் நடங்கள். பழைய தோழியோடு போனில் பேசுங்கள். ஆனால் முழுப் பகலும் போனிலேயே கழிந்தால் புது ஊர் வாசலோடு நின்றுவிடும்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாம் போகப் போகச் சரியாயிடும்' என்று தட்டிக்கழிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனச்சோர்வு, அழுகை, பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் அது சுபாவமில்லை, சிகிச்சை வேண்டியது. டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

அட்டைப் பெட்டிகளை நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். இன்றைக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, 'அக்கா, இங்க நல்ல தண்ணி எப்ப வரும்?' என்று கேளுங்களேன்.

'ஏன்க்கா, புதுசா வந்திருக்கீகளா? உள்ள வாங்க!' என்ற குரல் வரும் பாருங்கள். அன்று ராத்திரி தூக்கமும் வரும்.