டைட்டர் என்றால் என்ன?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற கார்த்திகையில் என் தந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாளாகியும் விடவில்லை. பக்கத்து ஊரில் இரத்தம் பரிசோதித்துத் தந்த சீட்டில், ‘டைபாய்டு ஓ டைட்டர் 1:80, எச் டைட்டர் 1:160’ என்று அச்சிட்டிருந்தது.

“தம்பி, நீதான் காலேசுல படிக்கிறியே, என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு” என்றார் தந்தை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. “ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நூற்றறுபது இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. டைபாய்டு என்று நான்கு நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவேயில்லை.

நான் சொன்னது முழுத் தவறு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டைட்டர் என்பது பிரெஞ்சு மொழி வழியே வந்த சொல். பொன், வெள்ளி ஆகியவற்றின் மாற்றை அம்மொழியில் அச்சொல்லால் குறிப்பர். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்கிறோமே, அந்த மாற்றுதான்! வேதியியலார் அதைக் கரைசலின் வலிமையைக் குறிக்க எடுத்துக் கொண்டனர். நாம் ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் கொண்டு செய்யும் ‘டைட்ரேஷன்’ அதிலிருந்து பிறந்ததே. தமிழில் அதைத் ‘தரம் பார்த்தல்’ என்கிறோம். வாரந்தோறும் தரம் பார்த்த எனக்கு, அதே சொல் மருத்துவச் சீட்டில் வந்தபோது அடையாளம் தெரியாமற் போயிற்று.

இரத்தத்தில் எதன் தரத்தைப் பார்க்கிறார்கள்? நோய்க்கிருமி உடலில் நுழைந்தால் அதனை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. டைபாய்டு நோயாளியின் சீரம் அந்நோய்க் கிருமிகளைத் திரளச் செய்கிறது என்பதைக் கொண்டு, 1896ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் விடால் ஒரு சோதனையை வகுத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ‘ஓ’ என்பது கிருமியின் உடலுக்கு எதிரான பொருளையும், ‘எச்’ என்பது அது நீந்த உதவும் இழைக்கு எதிரான பொருளையும் குறிக்கும்.

புளித்த மோரை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் விட விடப் புளிப்புக் குறையும். ஒரு பங்கு நீருக்கே புளிப்பு மறைந்தால் அது இளமோர்; பத்துப் பங்கு விட்டும் நாக்கில் தெரிந்தால் நன்றாகப் புளித்த மோர். டைட்டரும் இத்தகையதே. சீரத்தை உப்புக் கரைசலால் 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என ஒவ்வொரு குழாயிலும் இரு மடங்காக நீர்க்கச் செய்து, கொல்லப்பட்ட கிருமிகளைச் சேர்க்கிறார்கள். கிருமிகள் திரண்டு காணப்படும் கடைசிக் குழாயின் எண்ணே டைட்டர். ஆகவே 1:160 என்பது கிருமிகளின் எண்ணிக்கை அன்று. நூற்றறுபது மடங்கு நீர்த்த பின்னும் எதிர்ப்பொருளின் வேலை தெரிந்தது என்பதே பொருள்.

அப்படியானால் 1:160 என்றாலே டைபாய்டுதானா? இல்லை. முன்பு எப்போதோ வந்த டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு சில உறவுக் கிருமிகள் ஆகியவற்றாலும் இந்த எண் உயரும். டைபாய்டு பரவலாக உள்ள நம் நாட்டில் நலமாக இருப்பவரிடமும் ஓரளவு இருக்கும். ஒரு குழாய் வேறுபாடு சோதனைப் பிழையாகவும் இருக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இருமுறை பார்த்து, 1:80 என்பது 1:320 ஆவதுபோல் நான்கு மடங்கு உயர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. அதனினும் நம்பத்தக்கது, இரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் சோதனை.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவர் அரசு மருத்துவமனை மருத்துவர். பத்தாம் நாள் தந்தையை அங்கே கொண்டு சென்றோம். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “முன்பு டைபாய்டு வந்ததுண்டா?” என்று கேட்டார். மூன்றாண்டுகளுக்கு முன் வந்திருந்தது. பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி உடலைச் சோதித்தார். இடுப்பு மடிப்பில், பீடி சுட்டதுபோல் கறுத்த ஒரு பொருக்கு இருந்தது. வரப்பில் புல் அறுக்கும்போது சிறு பூச்சி கடித்ததால் வந்த ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் அது. அதற்குரிய மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் காய்ச்சல் தணிந்தது. பத்து நாள் கழித்து மீண்டும் பார்த்தபோதும் எச் டைட்டர் அதே 1:160!

உடல் தேறி வயலுக்குப் போகத் தொடங்கிய தந்தையிடம் மோர்க் கணக்கைச் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அன்னிக்கே தெரியலேன்னு சொல்லியிருந்தா பெரியாசுபத்திரிக்குப் போயிருக்கலாமேப்பா” என்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதற் பட்டதாரிகள். ஊரார் நம் கையில் சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்வர். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அவர்களை அழைத்துச் செல்வோம். தோட்டை இன்னும் மீட்கவில்லை. விடுமுறையில் வேலை செய்து நானே மீட்டுத் தருவதாக அம்மாவிடம் கூறியிருக்கிறேன்.