முதற்பக்கம் காணாத பெயர்

கணினிக் கல்வியைத் தொடங்கும் மாணவர் பலர் முதன்முதல் எழுதும் செய்நிரல் ஒன்றுண்டு. "உலகே வணக்கம்" என்று திரையிலே தோன்றச் செய்வதே அதன் பணி. நாமும் அவ்வாறே தொடங்கினோம். சி என்னும் கணினிமொழியிலே நாலைந்து வரிகள் எழுதினோம். ஓர் அரைப்புள்ளியை இட மறந்தோம். செய்நிரல் இயங்க மறுத்தது. பிழையைத் தேடித் திருத்தியபின், எழுத்துக்கள் திரையிலே தோன்றக் கண்டு சிறுவர்போல மகிழ்ந்தோம்.

அம்மொழியை ஆக்கியவர் யாரென அன்று நாம் கேட்டிலேம். 1978இல் முதன்முதல் வெளிவந்த அப்பாடநூலின் அட்டையிலே கேர்னிகன், ரிச்சி என்னும் இரு பெயர்கள் இருந்தன. பரீட்சைக்கு வேண்டாதவை எனக் கருதி அவற்றைக் கடந்து சென்றோம்.

ஆண்டுகள் சென்றன. 2011 ஒக்டோபர் 5ஆந் திகதி, அப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் தமது 56ஆவது வயதிற் காலமானார். உலகெங்குமுள்ள பத்திரிகைகள் முதற்பக்கத்தில் அவருக்கு இடமளித்தன. நாமும் ஒன்றுவிடாது படித்தோம். ஒரு வாரத்தின்பின், 12ஆந் திகதி, 70 வயதான டென்னிஸ் ரிச்சியின் மரணச் செய்தி வெளிவந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, தாம் தனியே வாழ்ந்த வீட்டில் அவர் இறந்து காணப்பட்டார். உடன் பணியாற்றிய ஒருவர் இணையத்தில் எழுதிய சில வரிகளே அதனை முதலில் உலகுக்கு அறிவித்தன. நாம் அறிந்ததோ மேலும் பல நாட்கள் கழிந்த பின்னரே.

ரிச்சி செய்தது யாது? பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை அவருடன் சேர்ந்து வளர்த்தார். 1972 அளவில் சி மொழியை ஆக்கினார். 1973இல் யூனிக்ஸ் அம்மொழியிலே திருப்பி எழுதப்பட்டது. அதனால், ஓர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த முறைமை வேறு இயந்திரங்களுக்கும் செல்ல வழி பிறந்தது. 1983இல் இருவருக்கும் டூரிங் விருது கிட்டியது. ஜொப்ஸ் உலகுக்குக் காட்டிய ஐபோனின் முறைமை யூனிக்ஸ் மரபில் வந்ததே. அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் கருவான லினக்ஸும் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதே.

அதே மாதம் 24ஆந் திகதி ஜோன் மக்கார்த்தியும் மறைந்தார். செயற்கை நுண்ணறிவு என்னும் துறைக்கு 1955இல் அப்பெயரைச் சூட்டியவர் அவரே. இன்று அச்சொல்லைத் தாங்கி வராத பத்திரிகை அரிது. அவர் பெயரை அறிந்தவரும் அரியர்.

இதற்காகப் பத்திரிகைகளை மட்டும் குறைகூறல் நீதியாகாது. ஜொப்ஸின் புகழும் அவர் உழைத்துப் பெற்றதே. பத்திரிகையின் பக்கங்கள் அளவானவை. அச்சேறும் நேரமோ காத்திராது. வாசகர் அறிந்த முகமே முன்னிடம் பெறுகின்றது. அன்றியும், ரிச்சியின் மொழியைக் கற்று அதனாற் பயன்பெற்ற நாமே அவர் பெயரை எண்ணிப் பாராதபோது, செய்தி ஆசிரியரை எவ்வாறு நோவது?

திரையிலே தோன்றுவதற்குக் காரணம் திரைக்கு அடியிலே உள்ளதென்பது கணினிக் கல்வி எமக்குக் கற்பித்த முதற்பாடம். செய்தியையும் அவ்வாறே படித்தல் வேண்டும். பெரிய தலைப்பைப் படித்த கண்கள் மூலையிலுள்ள சிறு செய்தியையும் நாடட்டும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் புதிய பாடநூலொன்றை வீட்டுக்குக் கொணரும்போது, முதலில் அதன் அட்டையிலுள்ள பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாம் செய்யத் தவறியது அது.