செல்ஃப் சுத்துது... ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே!

பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சு, கால் கெஞ்சக் கெஞ்ச பார்க்கிங்குக்கு வர்றீங்க. நடுவுல பெஞ்ச மழையில வண்டி தொப்பலா நனைஞ்சு நிக்குது. சாவியைப் போட்டு செல்ஃபை அமுக்கினா, ‘கிர்ர்ர்... கிர்ர்ர்...’ சுத்துது. ஆனா, ஸ்டார்ட் ஆகலை. விடிஞ்சா செமஸ்டர் எக்ஸாம். உடனே நாம என்ன பண்ணுவோம்? கட்டை விரல் வலிக்கிற வரைக்கும் செல்ஃபை அமுக்குவோம்!

ஸ்டாப் பாஸ்! அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க. ஒரு தடவை அமுக்கினா, பத்துப் பதினஞ்சு செகண்ட் பேட்டரிக்கு ரெஸ்ட் கொடுங்க. இல்லைன்னா ஸ்டார்ட் ஆகாத வண்டி, கொஞ்ச நேரத்துல சுத்தாத வண்டியாவும் ஆகிடும்.

1876-ல் ஜெர்மனிக்காரர் நிக்கோலஸ் ஓட்டோ ஓட வெச்ச நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்தான் இன்னிக்கும் உங்க பைக்ல இருக்கு. அது கேட்பது காற்று, பெட்ரோல், சரியான நேரத்துல ஒரு தீப்பொறி, நல்ல கம்ப்ரெஷன். அவ்வளவுதான்! மோட்டார் நல்லா சுத்துதுன்னா, இந்த நாலுல ஏதோ ஒண்ணு ஆப்சென்ட். யார் ஆப்சென்ட்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. காசு செலவில்லாததுல ஆரம்பிச்சு வரிசையா போங்க.

முதல்ல சும்மா பாருங்க!

கில் சுவிட்ச் ஆஃப்ல இருக்கா? சில வண்டியில அது ஆஃப்ல இருந்தா செல்ஃபே சுத்தாது. சிலதுல சுத்தும், பொறி மட்டும் வராது. கூட்டத்துல யார் கை பட்டாலும் மாறியிருக்கும். சைடு ஸ்டாண்டை எடுங்க, நியூட்ரல்ல போடுங்க. டேங்க் மூடியைத் திறந்து வண்டியைக் குலுக்கிப் பாருங்க. கேஜ் முள்ளை நம்பாதீங்க. பழைய வண்டின்னா பெட்ரோல் நாப் மூடியிருக்கலாம், ரிசர்வுக்கு மாத்த வேண்டியிருக்கலாம். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’னு காத்து உள்ளே போச்சுன்னா, மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. அதனாலதான் பெட்ரோல் இறங்கலை. இனி ஸ்டார்ட் ஆகும் பாருங்க!

இந்த ரெண்டு நிமிஷ சோதனையைச் செய்யாம, வண்டியை அரை கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே மெக்கானிக்கைத் தேடுறவங்கதான் நம்மள்ல அதிகம்.

பொறி பறக்குதா?

மழைக்கு அப்புறம் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள், பிளக் கேப். அதுல தண்ணி இறங்கினா, கரண்ட் பிளக்குக்குப் போகாம வெளியிலேயே இன்ஜின் பாடிக்குத் தாவிடும். கேப்பைக் கழட்டி, உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால துடைச்சு, அழுத்தி மாட்டுங்க. நிறைய வண்டிகள் இதுலேயே கிளம்பிடும்.

கிளம்பலையா? கார்பரேட்டர் வண்டின்னா ஒரு சோதனை இருக்கு. கையில ஒரு ஸ்பேர் பிளக் வெச்சுக்குங்க. இன்ஜின்ல இருக்கிற பிளக்கைக் கழட்டாம, கேப்பை மட்டும் எடுத்து ஸ்பேர் பிளக்ல மாட்டி, அதோட இரும்பு பாகம் இன்ஜின் இரும்பைத் தொடுற மாதிரி வைங்க. விரலால பிடிக்காதீங்க, ஷாக் அடிக்கும்! ஃப்ரெண்டு கிக் அடிக்கட்டும். நீல நிறத்துல ‘டிக் டிக்’னு பொறி வந்தா கரண்ட் ஓகே. வரவே இல்லைன்னா காயில், சி.டி.ஐ., வயர்னு பிரச்னை உள்ளே இருக்கு. அது மெக்கானிக் ஏரியா.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் சிந்தியிருந்தாலோ, வாசனை தூக்கலா வந்தாலோ இந்தச் சோதனை கூடவே கூடாது. வண்டி எரிஞ்சு போறதுக்கு அந்த ஒரு பொறி போதும்.

பிளக் சொல்லும் ஜாதகம்

பொறி வருது, வண்டி வரலை. இப்போ இன்ஜின் ஆறினதும், பிளக் ஸ்பேனரால உள்ளே இருக்கிற பிளக்கைக் கழட்டிப் பாருங்க.

ஈரமா, பெட்ரோல் நாத்தத்தோட இருக்கா? பெட்ரோல் அதிகமாகிடுச்சு. பிளக்கைத் துடைச்சுக் காயவெச்சு மாட்டி, சோக்கை எடுத்துட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசா திருகி ஏழெட்டு கிக் அடிங்க.

காய்ஞ்சு கிடக்கா? பெட்ரோல் வந்தே சேரலை. கார்பரேட்டர் அடியில இருக்கிற டிரெயின் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. ஒண்ணுமே வரலைன்னா அடைப்பு. வந்ததுல அடியில தனியா ஒரு கோடு தெரிஞ்சா, அது தண்ணி! பெட்ரோலைவிட தண்ணி கனம், அதான் கீழே தங்குது. இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கு. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. செமஸ்டர் லீவு முழுக்க வண்டியை மழையில நிறுத்திட்டுப் போறவங்க இதை மறக்காதீங்க.

கறுப்பா கரி படிஞ்சிருக்கா? ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. தூசியோ, எலி சேர்த்து வெச்ச குப்பையோ காத்தை அடைச்சிருக்கலாம்.

நம்மது புது வண்டியாச்சே!

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பெரும்பாலான பைக்குகள்ல கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துடுச்சு. இதுல உங்க காதுதான் டூல். சாவியை ஆன் பண்ணதும் டேங்க் பக்கமிருந்து ரெண்டு செகண்ட் ‘ங்ஈஈ’னு சத்தம் கேட்கணும். அது பெட்ரோல் பம்ப். கேட்கலைன்னா ஃபியூஸைப் பாருங்க. பேட்டரி வீக்கா இருந்தா மோட்டார் மெதுவா சுத்தும். ஆனா பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் பத்தாது. தள்ளி ஸ்டார்ட் பண்றதும் இதுல பல நேரம் பலிக்காது. இன்ஜின் விளக்கு மினுக்கினாலோ, அணையாம இருந்தாலோ நீங்க எதையும் பிரிக்காதீங்க.

வெள்ளத்துல நின்ன வண்டியா?

2024 டிசம்பர் தொடக்கத்துல, ஃபெஞ்சல் புயல் மழையில நம்ம திருவண்ணாமலையில மலை சரிஞ்சு உயிர்களே போச்சு. மாவட்டத்துல பல இடங்கள்ல வெள்ளம். அந்த மாதிரி நேரத்துல இன்ஜின் வரைக்கும் தண்ணியில மூழ்கின வண்டியை, ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’னு தொடவே தொடாதீங்க. செல்ஃபும் வேணாம், கிக்கரும் வேணாம். காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தா, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். ஆயிரத்துல முடியவேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கிற வேலை ஆகிடும்.

கடைசியா, கிக்கர் எந்த எதிர்ப்பும் இல்லாம ‘தொபுக்’னு இறங்குதா? கம்ப்ரெஷன் இல்லை. வால்வோ, பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம். நேரா ஒர்க்‌ஷாப்.

ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. பிளக், ஃபில்டர், காயில்னு மூணையும் சேர்த்து மாத்தினா வண்டி ஓடும், ஆனா எது கெட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பில் மட்டும் மூணுக்கும் வரும். மெக்கானிக்கிட்டயும் ‘ஓடலண்ணே’ன்னு மொட்டையா சொல்லாம, ‘பொறி வருதுண்ணே, பிளக் காய்ஞ்சு கிடக்கு, பெட்ரோல் இறங்கலை’ன்னு சொல்லிப் பாருங்க. அவரும் தேட வேண்டியதில்லை, உங்க பாக்கெட் மணியும் தப்பிக்கும்.

சீட்டுக்கு அடியில ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்பேர் பிளக், ரெண்டு ஃபியூஸ், பாலிதீன் கவர்ல சுத்தின ஒரு காய்ந்த துணி. இந்த நாலையும் இந்த வாரமே வாங்கிப் போட்டுடுங்க பாஸ், மழைக்காலம் சொல்லிட்டு வராது!